மண்மேடும் கட்டிலும்: நூபிய இடுகாடுகளை வாசிக்கும் முறை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தொல்லியலில் எந்தப் பொருளைப் பற்றியும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் எனக்கு உரிமை கொடுத்திருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது நூபியா. எகிப்தின் அஸ்வானிலிருந்து தெற்கே, இன்றைய சூடானின் கார்ட்டூம் பக்கம் வரை நைலின் இரு கரைகளிலும் நீளும் நிலம் அது. அங்கே ஊர்களைவிட இடுகாடுகளைத்தான் நாம் அதிகம் அறிவோம். வண்டல் நிலத்தில் இருந்த மண்வீடுகள் கரைந்துபோயின. பாலை மணலில் புதைத்தவை காய்ந்து நிலைத்தன. பல இடங்களில் தோலும் முடியும் தோலாடையும்கூடக் கெடாமல் கிடைத்துள்ளன.

இந்த இடுகாடுகள் பெரும்பாலும் அவசரத்தில் தோண்டப்பட்டவை. 1902-இல் முடிந்த அஸ்வான் அணையை 1907-இல் உயர்த்தத் தொடங்கியபோது, நீரில் மூழ்கவிருந்த கரைகளை ஆராய ஜார்ஜ் ரெய்ஸ்னர் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அமர்த்தப்பட்டார். 1929-இல் அணையை மறுபடி உயர்த்தத் தொடங்கினார்கள். இம்முறை ஆய்வுக்கு வால்டர் எமரியும் லாரன்ஸ் கிர்வனும் போனார்கள். மூன்றாவதாக அஸ்வான் உயர் அணை வந்தது. 1960-இல் யுனெஸ்கோ விடுத்த அழைப்பை ஏற்றுப் பல நாட்டுக் குழுக்கள் அங்கே இறங்கின. ஆக, நீர் ஏறுவதற்குள் குழியைத் திறந்து, அளந்து, படமெடுத்து, பெயரிட்டு முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்ததுதான் நூபியத் தொல்லியல்.

அந்த நெருக்கடியில் ஒரு பழக்கமும் படிந்தது. கல்லறையின் வடிவம் மாறினால் மக்களே மாறிவிட்டார்கள் என்று எழுதிவிடுவது. இன்று நான் முன்வைக்கும் கருத்து அதற்கு எதிரானது. ஒரு கல்லறையில் நான்கு கூறுகள் உண்டு. தரைக்கு மேலே எழும் கட்டு ஒன்று. குழிக்குள் உடலைக் கிடத்தும் முறை இரண்டு. உடன் வைக்கும் பொருள்கள் மூன்று. அடக்கத்துக்குப் பிறகும் வந்து இடும் படையல் நான்கு. இவற்றைத் தீர்மானிப்பவர்கள் வேறு வேறு. எனவே நான்கும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. எது மாறியது, எது நின்றது என்று தனித்தனியே கேட்டால்தான் இடுகாடு வரலாறாகும். இதை ஏழு குறிப்புகளில் விளக்குகிறேன்.

1. எழுத்துகளால் ஆன மக்கள்

ரெய்ஸ்னர் தாம் கண்ட புதைகுழிகளை வகைப்படுத்தி ஏ, பி, சி, எக்ஸ் என்று ஆங்கில எழுத்துகளால் குழுக்களுக்குப் பெயரிட்டார். பெயர் தெரியாத மக்களுக்கு எழுத்து வைப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஒரு குடியேற்றத்தையும் ஓர் இனத்தையும் அக்கால அறிஞர்கள் வைத்தார்கள். மண்டையோடுகளை அளந்த உடற்கூற்றறிஞர் கிராப்டன் எலியட் ஸ்மித்தும் அதே போக்கில் எழுதினார்.

ஏ குழு என்பது கி.மு. நான்காம் ஆயிரமாண்டைச் சேர்ந்தது. நீள்வட்டக் குழியில், கைகால்களை மடக்கி ஒருக்களித்துக் கிடத்திய உடல்கள். முட்டையோடு போன்ற மெல்லிய ஓவியப் பானைகள். எகிப்திலிருந்து வந்த சாடிகள். அடுத்து ரெய்ஸ்னர் கண்டவை பொருள் அதிகம் இல்லாத எளிய குழிகள். நலிந்துபோன வேறொரு கூட்டத்தார் என்று கருதி அவர்களுக்கு 'பி குழு' என்று பெயர் வைத்தார். சுமார் அறுபது ஆண்டு அந்தக் கூட்டம் பாடநூல்களில் வாழ்ந்தது. 1966-இல் ஹெச். எஸ். ஸ்மித் அந்தக் குழிகளின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பல, ஏ குழுவின் ஏழைகளுடைய குழிகள். சில, கொள்ளை போனவை. இன்னும் சில வேறு காலத்தவை. பி குழு என்று ஒரு மக்கள் இருந்ததற்குச் சான்றே இல்லை.

உடன்வைப்புப் பொருள் என்ற ஒரே கூறு குறைந்திருந்தது. அதற்குக் காரணம் வறுமை, அல்லது திருட்டு. அதைக் கொண்டு ஒரு மக்களினத்தையே படைத்துவிட்டோம்.

2. கெர்மா: தலைகீழாக வாசித்த இடுகாடு

நைலின் மூன்றாம் நீர்வீழ்ச்சிக்குத் தெற்கே கெர்மா இருக்கிறது. எகிப்தியர் கூஷ் என்றழைத்த அரசின் தலைநகர், கி.மு. 2500 முதல் 1500 வரை செழித்தது. ஊரிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கிழக்கே அதன் இடுகாடு. அங்கே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கலாம் என்பது, பல பத்தாண்டுகள் அங்கே ஆய்வு நடத்திய சுவிஸ் அறிஞர் சார்ல்ஸ் பொன்னேயின் கணிப்பு.

ஒரு பழைய கெர்மா கல்லறையை அருகில் போய்ப் பாருங்கள். தரையில் தாழ்வான வட்ட மேடு. அதன் மேல் கருநிற மணற்பாறைத் துண்டுகளும் வெள்ளைப் படிகக் கூழாங்கற்களும் பரப்பியிருக்கும். பக்கத்தில் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள். குழிக்குள் மாட்டுத் தோல் விரித்து, அதன்மேல் உடல். வலப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால் மடக்கி, தலை கிழக்கிலும் முகம் வடக்கிலுமாக. காலம் போகப் போக, வசதியுள்ளவர்களுக்குத் தோலோடு மரக் கட்டிலும் வந்தது. கட்டிலின் கால்கள் மாட்டுக் கால்களைப் போலச் செதுக்கப்பட்டவை. சில கட்டில்களின் கால்மாட்டுப் பலகையில் தந்தத்தில் விலங்குருவங்கள் பதித்திருக்கும். கட்டிலே வைக்க முடிந்த பிறகும் வலப்பக்கக் கிடையும் கிழக்குத் தலையும் அப்படியே இருந்தன.

மேற்கட்டும் படையலும்தான் வளர்ந்துகொண்டே போயின. மேட்டின் தெற்கே மாட்டு மண்டையோடுகளைக் கொம்போடு பிறை வடிவில் அடுக்குவது வழக்கம். முதலில் சில, பிறகு நூற்றுக்கணக்கில். நடுக்கெர்மாக் காலத்துப் பெரிய கல்லறை ஒன்றின் முன் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை இருந்தன. விலங்கெலும்பறிஞர் லூயி ஷே அவற்றை ஆராய்ந்தார். ஒரு குடும்பத்தின் தொழுவத்தில் அத்தனை மாடுகள் இராது. பல ஊரார் மாடு கொண்டுவந்து பங்கேற்ற பெருநிகழ்ச்சி அது. கடைசிக் கட்டத்தில் ஏறத்தாழ 90 மீட்டர் விட்டமுள்ள அரச மண்மேடுகள் எழுந்தன. நடுவே ஒரு நீண்ட நடை. அதில் அரசனோடு சாகடிக்கப்பட்டவர்கள். ஒரே மேட்டின் நடையில் ரெய்ஸ்னர் எண்ணியது 322 உடல்கள்.

1913 முதல் 1916 வரை இங்கே தோண்டிய ரெய்ஸ்னர் இந்த வளர்ச்சியைத் தலைகீழாகப் படித்தார். தெற்கேயுள்ள பெருமேடு ஒன்றில் ஹாப்பிஜெபா என்ற எகிப்தியப் பிரபுவின் உடைந்த சிலையும் அவர் மனைவி சென்னுவியின் அழகிய சிலையும் கிடைத்தன. கெர்மாவை ஆண்ட எகிப்திய ஆளுநரின் கல்லறை அது என்று அவர் முடிவுகட்டினார். அப்படியானால் பெருமேடுகளே தொடக்கம். சிறியவை பின்னாளில் வந்த சீரழிவு. உண்மை அதற்கு நேர்மாறு. இடுகாடு வடக்கில் தொடங்கித் தெற்கே வளர்ந்தது, பெருமேடுகளே கடைசி. சிலைகள் சில நூற்றாண்டு கழித்து எகிப்திலிருந்து வந்த கொள்ளைப் பொருள்கள். கூஷ் படை எகிப்துக்குள் புகுந்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று எகிப்தின் எல்-காபில் 2003-இல் வெளிப்பட்டதும் இது இன்னும் உறுதியாயிற்று.

ஹாப்பிஜெபா தமக்கென அமைத்த கல்லறை எகிப்தின் அஸ்யூட்டில்தான் இருக்கிறது. தமக்கு ரொட்டியும் பீரும் விளக்கும் ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்க, கோயில் பூசாரிகளோடு பத்து ஒப்பந்தங்கள் எழுதி அதன் சுவரில் வெட்டி வைத்தார். அறக்கட்டளை மேடையில் நின்றுகொண்டு அவரைப் பற்றிப் பேசாமல் விட முடியவில்லை.

3. எகிப்தின் ஆட்சியில்: ஒரே அறையில் இரு முறைகள்

கி.மு. 1500-ஐ ஒட்டி முதலாம் துத்மோஸ் கெர்மா அரசை முறியடித்தார். அதன்பின் நூபியக் கல்லறைகள் வேகமாக எகிப்திய முறைக்கு மாறின. மடக்கிக் கிடத்திய உடல்கள் நிமிர்ந்தன, மரப்பேழைகள் வந்தன. இம்முறை மாற்றம் குழிக்குள்ளும் போயிற்று என்பதை மறைக்கத் தேவையில்லை. தெபெய்ராவில் ஜெஹூதிஹோதெப் என்ற நூபியச் சிற்றரசரின் கல்லறைச் சுவரோவியங்களைப் பார்த்தால் அவர் எகிப்தியப் பிரபு என்றே தோன்றும். ஆனால் அவருக்கு உள்ளூர்ப் பெயர் ஒன்றும் இருந்தது. அவர் குடும்பமே அந்தப் பகுதியைப் பரம்பரையாக ஆண்டுவந்தது. பதவியில் நீடிக்க விரும்பிய குடும்பம், பதவிக்கு ஏற்ற கல்லறையையும் கட்டிக்கொண்டது.

மூன்றாம் நீர்வீழ்ச்சியருகே உள்ள டோம்போஸ், எகிப்தியக் குடியேற்றம். அங்கே ஸ்டூவர்ட் டைசன் ஸ்மித் தோண்டிய இடுகாட்டில் பிரமிடு வைத்த எகிப்திய அதிகாரியின் கல்லறை உண்டு. நிமிர்ந்து கிடக்கும் உடல்களும் பேழைகளும் உண்டு. அவற்றுக்கு நடுவே சில பெண்கள் மட்டும் கெர்மா முறையில், ஒருக்களித்து மடங்கி, தலையைக் கிழக்கே வைத்துக் கிடக்கிறார்கள். மேற்கட்டு ஒன்றுதான், கல்லறை அறையும் ஒன்றுதான், உடல்கிடை மட்டும் இரண்டு. அந்தப் பெண்களை எப்படிக் கிடத்த வேண்டும் என்று முடிவு செய்தவர் ஆளுநராக இருக்க முடியாது, வீட்டார்தான் செய்திருப்பார்கள். இடுகாட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் பதிவு செய்திருந்தால் அந்தப் பெண்கள் நம் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள்.

4. எல்-குர்ரு: பிரமிடின் அடியில் கட்டில்

எகிப்திய ஆட்சி விலகிச் சில நூற்றாண்டுகளுக்குப் பின், நான்காம் நீர்வீழ்ச்சிக்குக் கீழே நபட்டாவை மையமாக்கி ஒரு கூஷ் அரசமரபு எழுந்தது. எகிப்தையே வென்று அதன் இருபத்தைந்தாம் அரசமரபாக ஆண்டவர்கள் இவர்கள். இவர்களுடைய முதல் இடுகாடு எல்-குர்ரு. முன்னோர்களுக்கு மண்மேடு, பிறகு கல் போர்த்திய மேடும் கிழக்கே சிறு படையற் கோயிலும், பிறகு சதுரக் கட்டு, கி.மு. எட்டாம் நூற்றாண்டில் பியே அரசருக்குப் பிரமிடு.

எகிப்திய அரசர்கள் பிரமிடு கட்டுவதை விட்டு அப்போது ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு ஆகியிருந்தது. பியே கட்டியதோ கீசாவின் அகன்ற மலை வடிவம் இல்லை. அடி சுமார் 8 மீட்டர்தான், செங்குத்தான சரிவு. அந்த அளவிலும் சரிவிலும் பிரமிடுகள் நூபியாவிலேயே இருந்தன. டோம்போஸ் போன்ற இடங்களில் எகிப்திய அதிகாரிகள் விட்டுப்போனவை அவை. நூபியர் தொலைவிலிருந்து கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை. தம் மண்ணில் நின்ற வடிவத்தை எடுத்து அரசனுக்கு உயர்த்தினார்கள்.

உள்ளே இறங்குங்கள். பியேவின் அறை நடுவே பாறையில் விட்ட ஒரு மேடை; அதன் நான்கு மூலைகளிலும் பள்ளம் வெட்டியிருக்கிறது. அந்தப் பள்ளங்கள் கட்டிலின் நான்கு கால்களும் இறங்குவதற்காக. அவரோடு, மறுமையில் பணி செய்யவென்று வைக்கும் எகிப்திய உசப்திப் பாவைகள் இருந்தன. தலைக்கு மேலே எகிப்திய வடிவம் நின்றது. அவர் படுத்ததோ கட்டிலில். கெர்மாவுக்கும் இவருக்கும் இடையே எண்ணூறு ஆண்டு. இடையில் கட்டில் வழக்கம் எந்தெந்த ஊரில் எப்படித் தொடர்ந்தது என்று கோடு கிழித்துக் காட்ட நான் முயலவில்லை. எகிப்தின் எல்லா வசதியும் கையிலிருந்த ஓர் அரசர் இதைத் தேர்ந்தெடுத்தார் என்பதே எனக்குப் போதும்.

அங்கேயே, சற்றுத் தள்ளி, 24 குதிரைகளுக்கும் குழிகள் உள்ளன. மணிகள் அணிவித்து, நிற்கிற நிலையில், வரிசையாகப் புதைக்கப்பட்டவை. தோற்ற எதிரியின் லாயத்தில் குதிரைகள் பட்டினி கிடந்ததைக் கண்டு பியே சினந்தார் என்று அவருடைய வெற்றிக் கல்வெட்டே சொல்கிறது. குதிரைக்குக் கல்லறை என்பது எகிப்திய அரசர் வழக்கமில்லை. கெர்மாவில் மாடு இருந்த இடத்துக்கு இங்கே குதிரை வந்தது.

5. மெரோ, செதெய்ங்கா: பிரமிடு எல்லோருக்குமானது

பியேவுக்குப் பின் தகார்க்கா தம் கல்லறையை நூரிக்கு மாற்றினார். 50 மீட்டருக்கும் மேற்பட்ட அடியுள்ள அவர் பிரமிடே கூஷ் பிரமிடுகளில் பெரியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அரச இடுகாடு இன்னும் தெற்கே மெரோவுக்குப் போயிற்று, கி.பி. நான்காம் நூற்றாண்டு வரை அங்கேயே இருந்தது. பிரமிடின் நடுவே மரத்தை நட்டு, ஏற்றம் போன்ற பொறியால் கற்களை ஏற்றினார்கள் என்று பிரெட்ரிக் ஹிங்கல் கண்டறிந்தார். அதன் குறுகிய, செங்குத்தான உருவத்துக்கு இந்தக் கட்டுமுறையும் ஒரு காரணம்.

அரசர் எடுத்த வடிவம் அரசரோடு நிற்கவில்லை. செதெய்ங்காவில் செங்கல் பிரமிடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மிகச் சிறியதன் அடி சுமார் 75 சென்டிமீட்டர். குழந்தைக்குக் கட்டியதாக இருக்கலாம். சிலவற்றின் சதுரத்துக்குள் செங்கல்லால் ஒரு வட்டச் சுவர் எழுப்பி, அதை மூலைகளோடு குறுக்குச் சுவர்களால் இணைத்திருக்கிறார்கள். கட்டடம் நிற்க அந்த வட்டம் தேவையில்லை. பழைய வட்ட மண்மேட்டின் மரபு அது என்று அங்கே ஆய்வு செய்த வின்சென்ட் பிரான்சிஞி கருதினார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிரமிடுதான் தெரியும். வட்டம் இருப்பது கட்டியவருக்குத்தான் தெரியும்.

படையலும் இக்காலத்தில் எழுத்தைப் பெற்றது. கரநோக் முதலிய இடங்களில் கல்லறை வாசலில் படையற்கல் வைத்தார்கள். நடுவே ரொட்டியும் நீர்க்குடமும் செதுக்கியிருக்கும். ஓரத்தில் மெரோ எழுத்தில் இறந்தவர் பெயர், தாய் பெயர், தந்தை பெயர். ஐசிஸ், ஒசைரிஸ் தெய்வங்களிடம் நிறைய நீரும் நிறைய ரொட்டியும் கேட்கும் வேண்டுதல். தெய்வங்கள் எகிப்திலிருந்து வந்தவை. மொழி உள்ளூர் மொழி. பக்கத்திலேயே மனித உடலும் பறவைச் சிறகும் கொண்ட, இறந்தவரின் உயிரைக் குறிக்கும் சிலைகள்; எகிப்தில் பறவை உடலில் மனிதத் தலை வைப்பார்கள், மெரோவினர் அதை மனிதர் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள்.

6. பல்லானா: மேடு திரும்பியது

மெரோ அரசு கி.பி. நான்காம் நூற்றாண்டில் உடைந்ததும் பிரமிடு கட்டுவது நின்றது. நூபியாவின் வடபகுதியான கீழ்நூபியாவின் பல்லானா, குஸ்துல் கரைகளில் இருந்த மண்மேடுகளை இயற்கைக் குன்றுகள் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். 1931 முதல் எமரி அவற்றைத் தோண்டினார். பெரிய மேடு 77 மீட்டர் அகலமும் 12 மீட்டர் உயரமும் உடையது. உள்ளே வெள்ளி மகுடம் தலையில் இருக்க, விதானமிட்ட மரக் கட்டிலில் அரசர். பலியிடப்பட்ட பணியாளர்கள். வெளிப்பாதையில் வெள்ளிச் சேணத்தோடு வெட்டி வீழ்த்திய குதிரைகள்.

மேடு, கட்டில், மனிதப்பலி, விலங்குப்பலி: ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கெர்மா கண்முன் வரும். காட்டுமிராண்டிகள் நாகரிகத்தை அழித்து வந்தேறினர் என்று பழைய நூல்கள் எழுதின. ஆனால் அந்த மகுடங்களில் உள்ள ஆட்டுத்தலை அமோனும் நாகமும் மெரோ அரசின் சின்னங்கள். தெற்கே எல்-ஹோபாகி மேடுகளைத் தோண்டிய பத்ரீஸ் லெனோபல், மெரோவின் நீர்ப்படையல் சடங்குகளே அங்கே தொடர்ந்தன என்று வாதிட்டார். மேற்கட்டு மாறியது, சின்னமும் படையலும் தொடர்ந்தன. கல்லும் கொத்தரும் கோயில் மானியமும் தரும் பெரிய அரசு இல்லாதபோது, மண்ணும் ஆளும் மட்டுமே இருக்கும் தலைவன் மேடுதான் எழுப்புவான். இதில் வீழ்ச்சியைவிட அரசின் வருவாய் மாறியதையே நான் பார்க்கிறேன்.

7. கிறித்தவம்: என் கருத்து தடுமாறும் இடம்

கி.பி. 543-இல் பைசாந்தியத்திலிருந்து சமயப் பணியாளர் வடநூபியாவுக்கு வந்தனர். அதன்பின் நான்கு கூறுகளும் ஏறத்தாழ ஒன்றாக மாறின. உடல் மல்லாந்து நிமிர்ந்தது, தலை மேற்கே, துணி சுற்றிய உடலோடு பொருள் எதுவும் இல்லை, மேலே செங்கல் மேடை, சில வேளை விளக்குக்கு ஒரு மாடம். கூறுகள் வேறு வேறு வேகத்தில் மாறும் என்ற என் வாதத்துக்கு இது சோதனை. இதற்கு நான் தரும் விடை இது: இதற்கு முன் எந்த அரசும் இறந்த உடல் எப்படிக் கிடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் விதிக்கவில்லை. உயிர்த்தெழுதலைப் போதிக்கும் சமயம் விதித்தது. அதை ஊர்தோறும் நடத்திவைக்க ஒரு பாதிரியாரும் இருந்தார். முடிவெடுக்கும் கை ஒன்றானபோது வேகமும் ஒன்றாயிற்று.

அப்போதும் மேல்மட்டத்தில் விலக்கு இருந்தது. கிறித்தவ நூபியாவின் பழைய டொங்கோலா நகரில் 1113-இல் இறந்த பேராயர் கியோர்கியோஸின் நிலவறைக் கல்லறையில் பொருளில்லை. ஆனால் நான்கு நற்செய்திகளின் தொடக்கமும் முடிவும், வேண்டுதல்களும், காப்புப் பெயர்களும் கிரேக்கத்திலும் காப்டிக்கிலும் சுவர் முழுதும் எழுதப்பட்டுள்ளன. உடன்வைப்பு எழுத்தாக மாறி உள்ளே வந்தது என்று அதை நான் படிக்கிறேன்.

பிறகு இஸ்லாம் வந்தபோது உடல் மறுபடி வலப்பக்கம் ஒருக்களித்தது, முகம் மெக்காவை நோக்கியது. அங்கரேப் என்னும் கயிற்றுக் கட்டிலில்தான் இன்றும் சூடானில் இறந்தவரைத் தூக்கிச் செல்கிறார்கள். இவற்றைக் கெர்மாவோடு முடிச்சுப்போட ஆசை வரும். மாணவர்கள் அந்த ஆசையை அடக்க வேண்டும். வலப்பக்கக் கிடைக்கு இங்கே தெளிவான தனிக் காரணம் இருக்கிறது. தோற்றம் ஒத்திருப்பதை மட்டும் வைத்து மக்கள் மாறினார்கள் என்பதும் தவறு, மரபு தொடர்ந்தது என்பதும் தவறு.

நிறைவாக

நான் சொன்னவை சரியென்றால் அதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. கல்லறையின் பொருள், கூறுகளுக்கு இடையிலான உறவில் இருக்கிறது. 1834-இல் ஜுசெப்பே பெர்லினி மெரோவில் அமானிஷாகெத்தோ அரசியின் பிரமிடைத் தகர்த்து நகைகளை எடுத்தார். நகைகள் இன்று பெர்லினிலும் மியூனிக்கிலும் பத்திரமாக இருக்கின்றன. அவை எந்த உடலருகே, எந்த நிலையில் இருந்தன என்பது போய்விட்டது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. அங்கிருந்து போன பொருள்கள் ஒருநாள் திரும்பினாலும், அவற்றின் இடத்தை நமக்குச் சொல்லப்போவது களக் குறிப்பேடுகள்தான்.

அந்த வகையில் ரெய்ஸ்னருக்கு நாம் கடன்பட்டவர்கள். நூபியரைப் பற்றிய அவர் முடிவுகள் பல தவறு. சில, அவர் காலத்து இனச் செருக்கின் விளைவு. ஆனால் குழிக்குக் குழி வரைபடம், ஒளிப்படம், பொருளின் இருப்பிடம் என்று அவர் தம் கருத்தைக் கலக்காமல் பதிந்து வைத்தார். பி குழுவை நீக்கியவர்களும் கெர்மாவின் வரிசையைத் திருப்பியவர்களும் அந்தப் பதிவுகளையும் கையில் எடுத்துக்கொண்டே அவரை மறுத்தார்கள். இந்த அரங்கில் உள்ள மாணவர்களில் யாரேனும் நாளை எந்த நாட்டில் ஒரு குழியைத் திறந்தாலும், கண்டதை ஒரு பக்கத்திலும் கருதியதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். உங்கள் கருத்தை மறுக்கப்போகிறவருக்கு அந்த முதல் பக்கம் தேவைப்படும்.